சேஃப்டி வால்வு குழப்படி செய்தால்: நெல் ஆலைப் பொயிலருக்கு அறிகுறி பார்த்துப் பிழை பிடித்தல்

காலபோக வெட்டு முடிந்து ஆலைகள் இரவு பகலாக ஓடத் தொடங்கினால் என் கைபேசியும் ஓயாது. "அண்ணை, வால்வு ஒரே இரையுது" என்று தொடங்குவார்கள். அவர்கள் சொல்லும் வால்வு பொயிலரின் சேஃப்டி வால்வு; உள்ளே அமுக்கம் எல்லை மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுவது. அப்படித் திறப்பதைத்தான் 'அடிக்கிறது' என்போம். அடுத்த வசனம் அநேகமாக இதுதான்: "மேல் நட்டை ஒரு சுற்று இறுக்கி விடட்டோ?"

இறுக்க வேண்டாம். அந்த நட்டை இறுக்கினால் இரைச்சல் குறையலாம், குறையாமலும் விடலாம். நிச்சயமாகக் கூடுவது வால்வு அடிக்கும் அமுக்கம். இரணைமடுக் குளத்தின் வான் கதவு கொஞ்சம் ஒழுகுகிறது என்பதற்காக யாராவது கதவை வெல்டிங் பிடித்து விடுவார்களா? 2018 மார்கழி வெள்ளத்தைப் பார்த்த எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வான் திறக்காத குளத்துத் தண்ணீர் குளக்கட்டைத்தான் தேடும்.

நான் வளைகுடாவில் ஒரு மின் நிலையத்தின் வால்வுப் பட்டறையில் பல வருடம் நின்றுவிட்டு ஊருக்கு வந்தவன். அணு உலைக் கட்டடத்துக்குள் கால் வைத்ததில்லை. ஆனால் அணு மின் நிலையக்காரர் எழுதும் பழுது அறிக்கைகளை விடாமல் வாசிப்பேன். ஆவி வால்வை அவர்கள் அளவுக்குக் கழற்றிப் பார்த்து, கண்டதை ஒளிக்காமல் எழுதி வைத்தவர்கள் குறைவு. அவர்களுடையது சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தல் அமுக்கத்துக்கு மேலே ஓடுவது, எங்களுடையது 100 இறாத்தலுக்குள் நெல் அவிப்பது. நோய்கள் மட்டும் ஒன்றுபோல இருக்கின்றன. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எங்கள் ஆலையில் செய்யக்கூடியதைச் சொல்லிவிட்டு, அவர்கள் பட்ட பாட்டையும் வேண்டிய இடத்தில் சொல்கிறேன். கணக்குக்கு இலகுவாக, தகட்டில் 100 இறாத்தல் என்று அடித்திருக்கும் வால்வு ஒன்றை வைத்துக்கொள்வோம்.

தொடங்க முன்: கேஜ் உண்மை சொல்லுகிறதா?

வால்வில் கை வைக்க முன் அமுக்கமானியைப் பாருங்கள். பொயிலர் முற்றாக ஆறியிருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்க வேண்டும். கேஜுக்குக் கீழே ஒரு சுருண்ட குழாய் இருக்கும். அதற்குள் நிற்கும் தண்ணீர்தான் சூடான ஆவி கேஜுக்குள் ஏறாமல் தடுக்கிறது. எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கேத்திலுக்கே வெள்ளைப் படை பிடிக்கிறது; அந்தச் சுருண்ட குழாய் அடைபடாமல் இருக்குமா?

ஒரு ஆலையில் "வால்வு 80இலேயே அடிக்குது, ஸ்பிரிங் தளர்ந்து போச்சு" என்றார்கள். நான் கொண்டுபோன கேஜைப் பூட்டிப் பார்த்தேன், 98 காட்டியது. வால்வில் ஒரு குறையும் இல்லை. பழைய கேஜை நம்பி அதில் 100 வரும்வரை நட்டை இறுக்கியிருந்தால் பொயிலர் உண்மையில் 120 அளவில் ஓடியிருக்கும், முள் 100இல் சாதுவாக நின்றிருக்கும். ஆகவே சரிபார்த்த கேஜ் ஒன்று துணியில் சுற்றிப் பெட்டிக்குள் எப்போதும் இருக்க வேண்டும்.

அறிகுறி: அடிக்கவில்லை, ஆனால் ஓயாமல் சீறுகிறது

முள் இன்னும் 100ஐத் தொடவில்லை. வெளிப்பைப்பின் வாயில் மெல்லிய வெள்ளை ஆவி, இடைவிடாத "ஸ்ஸ்ஸ்". எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான். ஆபத்துக் குறைவு என்று எல்லோரும் நினைப்பதும் இதைத்தான்.

முதல் கேள்வி, நீங்கள் எந்த அமுக்கத்தில் ஓட்டுகிறீர்கள்? 100இல் அடிக்கிற வால்வை வைத்துக்கொண்டு 95, 96இல் ஓட்டினால் அது சீறத்தான் செய்யும். ஸ்பிரிங் கீழே அமத்துகிறது, ஆவி மேலே தள்ளுகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும்போது டிஸ்க் (வால்வின் மூடி) சீற்றில் (அது உட்காரும் இருக்கையில்) இறுக்கமாக இருக்காது. 90க்குக் கீழே இறக்கி ஓட்டிப் பாருங்கள். சீறல் நின்றால் பழுது வால்வில் இல்லை, ஓட்டுகிற கையில்.

நிற்காவிட்டால், சீற்றில் ஒரு தூசு மாட்டியிருக்கலாம். லீவரை ஒருமுறை இழுத்து விடலாம். ஆனால் முள் 75க்கு மேலே நிற்கும்போது மட்டும். அதற்குக் கீழே இழுத்தால் தூசை வீசித் தள்ள ஆவிக்குப் பலம் காணாது. டிஸ்க் அந்தத் தூசின் மேலேயே போய்க் குந்திவிடும், கசிவு முந்தியதைவிட மோசமாகும். லீவரில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுங்கள், வெளிப்பைப்பின் வாய்க்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது. 100 இறாத்தலில் ஆவியின் வெப்பம் கிட்டத்தட்ட 170 பாகை செல்சியஸ்.

இரண்டு மூன்று தரம் இழுத்தும் சீறல் மாறவில்லையா? பொயிலரை ஆறவிட்டு, வெளிப்பைப் பூட்டிய போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கழற்றியதும் பைப் ஒரு பக்கம் துள்ளி விலகினால் கள்ளன் பிடிபட்டான். பைப்பின் பாரம் முழுவதும் வால்வின் கழுத்தில் தொங்கியிருக்கிறது; உடம்பு நெளிந்ததால் டிஸ்க் நேராக உட்காரவில்லை. பைப்புக்குச் சுவரில் தனித் தாங்கி அடித்தால் வால்வைத் திறக்காமலே கசிவு நிற்கும்.

பைப் துள்ளாவிட்டால் வால்வைத் திறக்கத்தான் வேண்டும். டிஸ்கைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடியுங்கள். கண்ணாடிபோல மின்னும் வளையத்தின் குறுக்கே, உள்ளிருந்து வெளியே, மயிர் போன்ற ஒரு கோடு தெரியும். நகத்தை ஓட்டினால் தட்டும். அது கீறல் இல்லை. ஆவி அறுத்த வாய்க்கால். ஒரு தூசால் தொடங்கிய கசிவு ஒரு சீசன் முழுக்க ஓடினால் உருக்கையும் அறுக்கும். ஆரம்பத்தில் ஒரு தரம் லீவர் இழுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

இங்கேதான் எங்கள் மோட்டார்க் கராஜ் பழக்கம் கெடுக்கிறது. என்ஜின் வால்வுபோல டிஸ்கைச் சீற்றில் வைத்து, பேஸ்ற் போட்டு, கையால் திருகித் திருகித் தேய்ப்பார்கள். சரிவான சீற் உள்ள என்ஜின் வால்வுக்கு அது சரி. தட்டையான சீற் உள்ள சேஃப்டி வால்வுக்கு அது செய்தால் ஒன்றின் பள்ளம் மற்றதில் பதியும். டிஸ்கையும் சீற்றையும் தனித்தனியாகத் தேய்க்க வேண்டும். தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, பருமன், நடுத்தரம், நைஸ் என்று மூன்று பேஸ்ற். எட்டுப் போடுவதுபோல, அமத்தாமல், டிஸ்கின் சொந்தப் பாரத்திலேயே ஓட்டுங்கள். பத்துத் தரத்துக்கு ஒருமுறை டிஸ்கைக் கால்வாசி திருப்புங்கள். அந்த மயிர்க்கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். சீற்றுக்கு, அதே அளவு வட்டமான தட்டை வார்ப்பிரும்புக் கட்டை ஒன்று கடைசல்காரரிடம் செய்விக்கலாம். கோடு ஆழமென்றால் தேய்த்துத் தேய்த்து மெலிவிக்காமல் டிஸ்கை மாற்றி விடுங்கள்.

கசிவுக்கு ஏன் இவ்வளவு நேரம் செலவழிக்கிறேன் என்று கேட்பீர்கள். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திறீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையம், இரண்டாம் அலகு. அதிகாலை 4 மணியளவில் ஊட்டு நீர்ப் பம்பிகள் நின்றன. உலைச் சுற்றில் அமுக்கம் ஏறியது, மேலே இருந்த விடுவிப்பு வால்வு திறந்தது. அதுவரை ஒழுங்கு. அமுக்கம் இறங்கியதும் மூட வேண்டிய வால்வு மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு, "மூடு" என்ற மின் கட்டளை போனதை மட்டும் காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்ட அங்கே ஒன்றுமில்லை. வெளிக்குழாய் சூடாக இருப்பதை அவர்கள் பார்க்காமல் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் முன்னரே கசிவு இருந்ததால் சூடான குழாய் அவர்களுக்குப் பழகிப்போன காட்சி. வழமையான கசிவுதான் என்று விட்டார்கள். அதே குழாயில் இருந்த அடைப்பு வால்வை மூடித் தண்ணீர் போவதை நிறுத்த இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. உலைக்கருவின் அரைவாசியளவு உருகிப் போனது. இத்தனைக்கும் 1977 செப்டெம்பரில் ஒகாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே நிலையத்தில் இதே வகைச் சம்பவம் நடந்திருந்தது. அங்கே நின்றவர்கள் நேரத்தோடு கண்டுபிடித்து மூடினார்கள். திறீ மைல் ஐலண்டுக்குப் பிறகு அமெரிக்க ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, வால்வு உண்மையில் எந்த நிலையில் நிற்கிறது என்று நேரடியாகக் காட்டும் ஏற்பாடு வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பல நிலையங்கள் குழாயில் ஆவி ஓடும் சத்தத்தைப் பிடிக்கும் கருவியைப் பூட்டின.

எங்கள் ஆலைக்கு அந்தக் கருவி வேண்டாம். வெளிப்பைப்பில் வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு பெயின்ற் பொட்டு வையுங்கள். கடையில் வாங்கும் சாதாரண வெப்பத் துப்பாக்கியால் அந்த இடத்தை ஒவ்வொரு நேரமாற்றத்திலும் ஒருக்கால் அளந்து எழுதுங்கள். வால்வு நலமாக இருக்கும்போது அந்த இடம் எவ்வளவு சூடு என்று தெரிந்திருந்தால்தான் சுகமில்லாத நாளில் வித்தியாசம் தெரியும்.

அறிகுறி: குறித்த அமுக்கத்துக்கு முன்னரே அடிக்கிறது

கேஜைப் பார்த்தாயிற்று, அது சரி. அப்படியென்றால் ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது யாரோ நட்டைத் தளர்த்தியிருப்பார்கள். ஈய முத்திரை அறுந்திருந்தால் இரண்டாவது. ஸ்பிரிங்கின் இரண்டு வளையத்துக்கிடையே துருப் பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் அதை மாற்ற வேண்டும், அதே வால்வுக்குரிய அதே இலக்க ஸ்பிரிங்காக. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய ஆட்கள் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கும் பெருமைதான். ஆனால் லொறிக் கழிவிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கை சேஃப்டி வால்வுக்குள் கண்ட அன்று நான் அந்தப் பொயிலரைப் பற்ற வைக்க விடவில்லை.

"அடிக்க வேண்டிய இடத்தில்தான் அடிக்குது, ஆனா ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அடிக்குது" என்பது வேறு முறைப்பாடு. அது உமி அடுப்பின் வேலை. ஒரு தாங்கி நெல் அவிந்து ஆவிக் குழாயை மூடிய உடனே ஆவி போக இடமில்லை. உமி நெருப்போ சொன்ன உடனே அணையாது. அடுத்த தாங்கியைத் தயாராக வைத்திருங்கள். மூட ஐந்து நிமிடம் முன்னரே உமி விழுவதைக் குறைத்துக் காற்றுக் கதவைச் சாத்துங்கள். வால்வு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சீற்றுக்கு ஒரு அடி விழுகிறது. வீணாக அடிக்க விட்டால் மேலே சொன்ன கசிவுக் கதைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

அறிகுறி: அமுக்கம் ஏறுகிறது, வால்வு அடிக்கவில்லை

முள் 100ஐத் தாண்டுகிறது. 105. 108. வால்வு ஊமை.

இப்போது காரணம் தேடும் நேரம் இல்லை. உமி போடுவதை நிறுத்து, காற்றாடியை நிறுத்து, காற்றுக் கதவைச் சாத்து. ஆவியைச் செலவழி: ஊறல் தாங்கி, அவியல் தாங்கி, எங்கே போனாலும் பரவாயில்லை, குழாயை மெதுவாகத் திற. கண்ணாடியில் தண்ணீர் மட்டம் தெரிந்தால் பம்பி ஓடட்டும். மட்டம் தெரியாவிட்டால் தண்ணீர் விடாதே, எல்லோரையும் வெளியே அனுப்பு. வால்வைச் சுத்தியலால் தட்ட ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்து. நான் கண்டிருக்கிறேன், ஒரு பெடியன் இரும்புக் கம்பியோடு ஏணியில் ஏறினான். முதலாளி கீழே நின்று "நல்லாத் தட்டு" என்று சத்தம் போட்டார். அன்றைக்கு ஒன்றும் நடக்காதது அவனுடைய தாய் செய்த புண்ணியம்.

முள் பூச்சியத்துக்கு வந்து, பொயிலர் ஆறிய பிறகு வால்வைக் கழற்றுங்கள். முதலில் வெளியே பாருங்கள். லீவரில் கம்பி சுற்றியிருக்கிறதா? சிரிக்க வேண்டாம், இரைச்சல் தாங்காமல் இரவுக் காவல்காரர் கட்டிவிட்டுப் போன கம்பியை நானே அறுத்திருக்கிறேன். ஸ்பிரிங் வளையங்களுக்கிடையே இடைவெளி இருக்கிறதா? இறுக்கி இறுக்கி வளையங்கள் ஒன்றோடொன்று முட்டியிருந்தால் அது ஸ்பிரிங் இல்லை, இரும்புக் கட்டை. எந்த அமுக்கத்துக்கும் எழும்பாது.

அடுத்தது எங்கள் பக்கத்துக்கே உரிய பழுது. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் ஆலை மூடிக் கிடக்கும். திறந்த பைப்பைக் கண்டால் மண்குளவி விடுமா? வால்வு உடம்பின் அடியில் சுண்டு விரல் நுழையாத ஒரு வடிதுளை இருக்கும். பலர் அதைக் கண்டதே இல்லை. குளவி அதை முதலில் அடைக்கும். பிறகு மழை. வெளிப்பைப் வழியாக விழுந்த தண்ணீர் வடிய இடமில்லாமல் டிஸ்கின் மேலேயே மாதக்கணக்கில் நிற்கும். சீசன் தொடங்கும்போது டிஸ்கும் சீற்றும் துருவால் ஒட்டி ஒரே துண்டாகியிருக்கும். ஒருமுறை அந்தத் துளையை ஆணியால் குத்தியபோது கறுத்த தண்ணீர் அரைப் போத்தல் அளவு வடிந்தது, கூடவே காய்ந்த புழுக்கள்.

டிஸ்க் ஒட்டிப்போகும் இந்த நோய்தான் கொதிநீர் அணு உலைக்காரரை, அதாவது உலைக்குள்ளேயே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவி எடுப்பவர்களை, வருடக்கணக்காக ஆட்டி வைத்தது. கதை கொஞ்சம் நீளம், ஆனால் வால்வில் மாற்றம் செய்ய ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது. அவர்களுடைய பழைய வால்வு மூன்று கட்டமாக வேலை செய்தது: ஒரு சின்ன வால்வு திறந்து அடுத்ததைத் திறக்கும், அது பெரியதைத் திறக்கும். அந்தச் சின்ன வால்வு கசிந்தால் கசிவே பெரிய வால்வைத் திறந்துவிடும், திறந்தது மூடாமலும் நிற்கும். இதற்கு மருந்தாக, ஒரு கட்டத்தைக் குறைத்து இரண்டு கட்ட வால்வு கொண்டுவந்தார்கள். தானாகத் திறக்கும் நோய் குறைந்தது. ஆனால் புதிதாக ஒன்று வந்தது. சோதனை மேசையில் வைத்துப் பார்த்தால் வால்வுகள் குறித்த அமுக்கத்துக்கு மேலே போய்த்தான் திறந்தன. சின்ன வால்வின் டிஸ்கிலும் சீற்றிலும் ஒக்சைட்டுப் படை வளர்ந்து இரண்டையும் பசைபோல ஒட்டியிருந்தது. உலைத் தண்ணீர் கதிர்வீச்சால் பிரிந்து வரும் ஒட்சிசனும் ஐதரசனும் அந்தச் சின்ன அறைக்குள் தேங்குவது அதற்கு எண்ணெய் வார்த்தது.

அவர்கள் என்ன செய்தார்கள்? டிஸ்க் உலோகத்தை மாற்றிப் பார்த்தார்கள். உலோகத்தில் கொஞ்சம் பிளாட்டினம் சேர்த்தார்கள். பிளாட்டினம் பக்கத்தில் இருந்தால் அந்த இரண்டு வாயுவும் சேர்ந்து மறுபடி தண்ணீராகிவிடும் என்ற கணக்கு. அதையும் முழுதாக நம்பாமல், அமுக்கம் ஏறினால் மின்சாரத்தால் வால்வைத் திறந்துவிடும் அமுக்க ஆளிகளைத் துணைக்குப் பூட்டின நிலையங்களும் உண்டு. வால்வு ஒட்டிக்கொண்டாலும் திறக்க இன்னொரு கை இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

எங்களுக்கு அந்த இன்னொரு கை இரண்டாவது சேஃப்டி வால்வுதான். ஏஎஸ்எம்இ எனும் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதியில் வெப்ப மேற்பரப்பு 500 சதுர அடிக்கு மேற்பட்ட பொயிலருக்கு இரண்டு வால்வாவது வேண்டும். சின்னப் பொயிலருக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் நான் இரண்டு பூட்டச் சொல்வேன். ஒட்டாமல் இருக்க, ஓடும் காலத்தில் குறித்த இடைவெளியில் லீவரை இழுங்கள், 75க்கு மேலே என்ற நிபந்தனையோடு.

சில வேளை வால்வு திறந்து முழுசாக அடித்தும் முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும். அது வால்வின் பழுதில்லை. பழைய இரும்புக் கடையில் அளவு பாராமல் வாங்கிப் பூட்டியதன் பலன். முழு நெருப்பில், ஆவி வேறெங்கும் போகாமல் மூடி, பரிசோதகர் முன்னிலையில் ஓட்டிப் பார்த்தால் அமுக்கம் 6 வீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது ஏஎஸ்எம்இ கணக்கு. ஏறினால் பெரிய வால்வு போட வேண்டும்.

அறிகுறி: அடித்தது மூட மாட்டேன் என்கிறது, அல்லது படபடக்கிறது

100இல் அடித்த வால்வு 95 அளவில் மூடினால் நல்ல வால்வு. 80 வரை இறங்கியும் ஊதிக்கொண்டே நின்றால் சீற்றைச் சுற்றியிருக்கும் பல்லுள்ள வளையம் இடம் மாறியிருக்கும். வளையத்தை ஏற்றினால் வால்வு "டப்" என்று துப்புரவாக எழும்பும், ஆனால் மூடப் பிந்தும். இறக்கினால் கெதியில் மூடும், ஆனால் அடிக்க முன் சீறும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம். தொட முன் இப்போது எத்தனை பல்லில் நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள், பொயிலர் ஆறிய பிறகு இரண்டு மூன்று பல்லாக மட்டும் திருப்புங்கள்.

படபடப்பு, அதாவது தையல் மெஷின்போலத் திறந்து திறந்து மூடுவது, அநேகமாகக் கீழே உள்ள குழாயின் குற்றம். வால்வின் வாயைவிடச் சின்னக் குழாயில் பூட்டியிருப்பார்கள், அல்லது வசதிக்காக இரண்டு முழம் நீட்டி வளைத்திருப்பார்கள். வால்வு திறந்ததும் அந்த ஒடுக்கத்தில் அமுக்கம் விழும், வால்வு மூடும், மறுபடி ஏறும். நேரே பொயிலர் மேலேயே, வாய்க்குக் குறையாத குழாயில் பூட்டுங்கள். இடையில் அடைப்பு வால்வு எதுவும் இருக்கவே கூடாது.

அறிகுறி: வெளிப்பைப் உதறுகிறது, தண்ணீர் கக்குகிறது

தண்ணீர் மட்டும் கக்கினால் பொயிலருக்குள் மட்டம் கூட, அல்லது உப்புப் பெருகி நுரைக்கிறது. அடித்தண்ணீரை ஒழுங்காகத் திறந்து விடுங்கள்.

சுவர் அதிர "டமார்" என்று உதறினால் பைப்பின் மற்ற முனை எங்கே போகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். ஏ9 வீதிக்குக் கிழக்கே ஒரு ஆலையில் நான் நடந்து போனேன். பைப் கூரைக்கு மேலே போகாமல், சுவரோடு இறங்கி, நெல் ஊறும் தாங்கிக்குள் முழுகியிருந்தது.

"வீணாப் போற ஆவிதானே அண்ணை. நெல் ஊறுற தண்ணி சும்மா சூடாகட்டும் எண்டு விட்டனான்" என்றார் முதலாளி. எனக்குக் கோபம் வரவில்லை, யோசனை நல்ல யோசனைதான். நடந்தது என்னவென்றால், வால்வு அடித்து மூடியதும் பைப்பில் மிஞ்சிய ஆவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஆவி தண்ணீரானால் அது பிடித்திருந்த இடம் 1600இல் ஒரு பங்குக்குச் சுருங்கும். வெற்றிடமான பைப் தாங்கித் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். அடுத்த முறை வால்வு அடிக்கும்போது, பைப்பில் நிற்கும் அந்தத் தண்ணீர்த் தூணை ஆவி துவக்குச் சன்னம்போல எறியும். தாங்கியின் அடிச் சீமெந்து வெடித்திருந்தது.

கொதிநீர் உலைகளில் விடுவிப்பு வால்வின் ஆவி வேண்டுமென்றே ஒரு பெரிய தண்ணீர்த் தடாகத்துக்குள்தான் போகும். அங்கேயும் இதே பாடு. 1972 ஏப்ரலில் ஜெர்மனியின் வூர்காசன் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. ஆவி போய்ப் போய்த் தடாகம் சூடேறியதும், ஆவி அமைதியாகக் கரையாமல் குமிழ் குமிழாக இடித்து, தடாகத்தின் அமைப்பையே சேதப்படுத்தியது. அதற்குப் பின்னர்தான் பைப்பின் முனையில் நூற்றுக்கணக்கான சிறு துளைகள் உள்ள குழாய்களைப் பூட்டி ஆவியைப் பரவலாக விடத் தொடங்கினார்கள். தண்ணீர் ஏறாமல் இருக்க, வெற்றிடம் வந்தவுடன் காற்றை உள்ளே விடும் சின்ன வால்வுகளையும் வெளிக்குழாயில் வைத்தார்கள்.

ஆலைக்கு இவ்வளவும் வேண்டாம். பைப்பை அறுத்துக் கூரைக்கு மேலே விட்டோம், வால்வின் வாயைவிட ஒரு அளவு பெரிய பைப், அதன் பாரத்தைச் சுமக்கச் சுவரில் தனிப் பிடி, அடியில் வடிதுளை. ஊறல் தண்ணீருக்குப் புகைக்கூண்டின் சூட்டைப் பிடிக்கலாம் என்று முதலாளிக்குச் சொன்னேன். அது வேறொரு நாளைக்கு.

அறிகுறி: வால்வில் பழுதில்லை, ஆனால் நட்டுகள் கழன்று கொண்டே இருக்கின்றன

ஆலையைப் பெருப்பித்து, அதே குழாயில் கூட ஆவி எடுக்கத் தொடங்கிய இடங்களில் இது வரும். வாய் குறுகிய போத்தலின் வாயில் குறுக்கே ஊதினால் விசிலடிக்குமல்லவா? ஆவிக் குழாயிலிருந்து எழும்பி வால்வுக்குப் போகும் மொட்டைக் கிளைக்குழாய் அந்தப் போத்தல். கீழே ஓடும் ஆவி அந்த ஊதல்.

இலினோய் மாநிலத்தின் குவாட் சிற்றீஸ் அணு மின் நிலையம் 2002இல் உற்பத்தியைக் கூட்டியது. ஆவி வேகம் கூடியது. உலைக்குள் ஆவியை உலர்த்தும் அமைப்பில் வெடிப்புகள் கண்டன. பிறகு ஆவிக் குழாயில் நின்ற விடுவிப்பு வால்வுகளை இயக்கும் மின்காந்தப் பாகங்களும் அதிர்வால் தேய்ந்திருப்பதைக் கண்டார்கள். வினாடிக்கு 150 தடவை அளவில் கிளைக்குழாய்கள் விசிலடித்ததுதான் காரணம். வால்வை மட்டும் பலப்படுத்தியிருந்தால் அதிர்வு வேறொன்றைத் தின்றிருக்கும். 2006இல் அந்தக் கிளைக்குழாய்களில் சிறு பக்கக் குழாய்களைப் பொருத்தி விசிலின் சுருதியையே மாற்றினார்கள். அதிர்வு அடங்கியது.

ஒரு ஸ்பனரின் தலையைக் கிளைக்குழாயில் வைத்து மறுமுனையைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஆவி ஓட்டம் கூடும்போது ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம் எழுந்தால் நட்டுக்கு மேல் நட்டுப் போட்டுப் பயனில்லை. கிளைக்குழாயைக் கட்டையாக்குங்கள், அல்லது பெரிய ஆவிக் குழாய் போடுங்கள்.

திருப்பிப் பூட்டியபின்

எதைத் திருத்தினாலும் வால்வை ஒருமுறை உண்மையான ஆவியில் அடிக்க விட்டுப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். ஊழியர் வெளியே, சரிபார்த்த கேஜ் பூட்டியபடி, மெதுவாக ஏற்றுங்கள். 100 இறாத்தல் வால்வு 97க்கும் 103க்கும் இடையில் அடிக்க வேண்டும். அடிக்கும் அமுக்கத்தை மாற்ற வேண்டி வந்தால் அது உரிய தகுதியுள்ள பொறியியலாளர் முன்னால்தான், முடிந்ததும் புது ஈய முத்திரை.

அடித்த அமுக்கம், மூடிய அமுக்கம், வளையம் நிற்கும் பல், திகதி, நான்கையும் பொயிலர்க் கொப்பியில் எழுதுங்கள். நான் கேஜுக்குப் பக்கத்துச் சுவரிலும் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதி விடுவேன், கொப்பி துலைந்து போகும். அடுத்த சீசனில் உமி பற்ற வைக்க முன் ஏணியில் ஏறி, அந்த வடிதுளைக்குள் ஒரு ஈர்க்கை விட்டுப் பாருங்கள். மண் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள்.